பலகையில் மூன்றாவது பெயர்

அடுத்தவர் பேச்சைப் பேசியே நாற்பது வருஷம் பிழைத்தவள் நான். இங்கிலீஷில் ஒருவர் பேசுவார், தமிழில் நான் பேசுவேன். இந்தியில் ஒருவர் திட்டுவார், தமிழில் நான் திட்டுவேன். கைதட்டல் அவருக்கு, தொண்டைக்கட்டு எனக்கு. தாராவியில் தோல் தொழிலாளர் சங்கத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, மேடை மொழிபெயர்ப்பாளராக ஓய்வு பெற்றேன்.

போன மாதம் சங்கத்துப் பெண்கள் இரண்டு பேர் தாணேயில் என் வீட்டுக்கு வந்தார்கள். இப்போது போனே மொழிபெயர்த்துவிடுகிறதாம், ஆளே வேண்டாமாம். அதில் ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள்: "ஆன்ட்டி, மேடையில பேசறவங்க சொல்லாததையும் நீங்க சேத்துச் சொல்வீங்களாமே, சச் ஹை க்யா?"

நிஜம்தான். ஒரு காலத்தில் வண்டி வண்டியாகச் சேர்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நிறுத்தியவர் ஒரு பின்லாந்துக்காரி. அறுபதுகளின் நடுவில் நடந்தது. இப்போது நினைத்தாலும் எனக்கு உட்கார்ந்து சொல்ல முடியவில்லை, எழுந்து நடந்துகொண்டுதான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா இசக்கி, தோல் பதனிடும் பட்டறையில் சுண்ணாம்புக் குழி வேலை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. என்னை மாட்டுங்காவில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். பத்தாவது முடித்தேன், தாதரில் ஆறு மாதம் டைப்பும் சுருக்கெழுத்தும் படித்தேன், பத்தொன்பது வயதில் சங்கத்து ஆபீசுக்குள் நுழைந்தேன். படிப்புக் கதை அவ்வளவுதான்.

சங்கத்துச் செயலாளர் செல்லையா அண்ணாச்சி. அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நாற்காலி வருகிறவர்களுக்கு என்பார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தபடியேதான் கடிதம் சொல்வார். எங்கள் ஆபீஸ் ஒரு சின்னக் கோலி, அதாவது ஒற்றை அறை. நாலு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். சுவர் வந்தால் முற்றுப்புள்ளி. அதனால் அவர் வாக்கியங்கள் எல்லாம் ஒரே நீளம். அடித்து முடித்ததும் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அவர் சொன்னதை நான் கொஞ்சம் மெருகேற்றியிருந்தால் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் திட்ட மாட்டார். "ஏ பிள்ளே, இது நான் சொன்னதில்லையே. ஆனாலும் நல்லாத்தான் இருக்கு, இருக்கட்டும்" என்பார். என்னைக் கெடுத்ததில் பாதிப் பங்கு அவருக்கு.

மேடை மொழிபெயர்ப்புக்கு அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. "‘அவர் சொல்கிறார்’னு நடுவுல நிக்காதே. அவரு ‘நான்’னா நீயும் ‘நான்’. அவரு அழுதா நீயும் அழு." அந்தச் சட்டம் ஒரு நாள் என் தலையிலேயே வந்து விழும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

ஆபீஸ் வாசலில் ஒரு கரும்பலகை. வேலைநிறுத்தம் நடக்கும்போது அதற்குத்தான் மரியாதை. தினமும் மாலை ஐந்து மணிக்குப் பட்டறைக் கேட்டுகளில் காவல் நின்றவர்கள் வருவார்கள். யாராவது உள்ளே வேலைக்குப் போயிருந்தால், பார்த்ததாக இரண்டு பேர் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னால் போதாது. இரண்டு பேர் சொல்லிவிட்டால் பலகையில் பெயர் ஏறும், மேலே ‘கருங்காலிகள்’ என்று தலைப்பு. படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டுப் போவார்கள். எழுதுவது என் வேலை. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எனக்கே கொஞ்சம் கர்வம்.

அந்த வருஷத்து வேலைநிறுத்தம் கையுறைக்காக. கேட்டால் சிரிப்பீர்கள். ரப்பர் கையுறை, முழங்கால் வரை பூட்ஸ், கை கழுவ ஒரு குழாய். சுண்ணாம்புக் குழியிலிருந்து தோலை இழுத்துப் போடுகிறவர்களின் விரலைப் பார்த்திருந்தால் சிரிக்க மாட்டீர்கள். அப்பா சோறு பிசையும்போது உப்புப் பட்டால் கையை உதறுவார். அவரும் மைதீன் மாமாவும் ஒரே குழியில் பதினோரு வருஷ ஜோடி. ஒருவர் கொக்கி போட்டு இழுப்பார், ஒருவர் தாங்குவார். அவர்கள் பேசிக்கொண்டு நான் கேட்டதே குறைவு. தோளசைவிலேயே எல்லாம் முடிந்துவிடும்.

பன்னிரண்டாம் நாள் என் தங்கைக்கு டைபாய்டு. சயான் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் காலை அப்பா யாரிடமும் சொல்லாமல் பட்டறைக்குள் போய்விட்டார். வேலு என்ற இன்னொருவரும் கூடப் போனார்.

மாலை ஐந்து மணிக்கு அண்ணாச்சி, கேட்டில் காவல் நின்றவர்கள் கொடுத்த சீட்டைப் பார்த்தார். பார்த்ததாகச் சொன்ன இருவரில் ஒருவர் மைதீன் மாமா. நாலு எட்டு நடந்தார், சுவர் வந்தது, நின்றார்.

"ரெண்டு பேரு. நீ எழுதுதியா, நான் எழுதட்டுமா?"

"நானே எழுதுதேன் அண்ணாச்சி."

எழுதினேன். ஏன் எழுதினேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். கடமை என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வீம்பு. வேலுவுக்கு முந்தி அப்பா பெயரை எழுதினேன், அதுவும் பெரிதாக.

வீட்டில் அப்பா தலை நிமிராமல் கேட்டார்: "எம் பேரை எழுதிட்டியாளா?"

"எழுதிட்டேன்."

"பிழை இல்லாம எழுதுனியா?"

அன்றிலிருந்து அவரும் நானும் பேசவில்லை. இரண்டு நாளில் அப்பா வேலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார், கேட்டில் மைதீன் மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவரால் உள்ளே போக முடியவில்லை. ஆனால் வெளியே நிற்கிறவர்களும் சேர்த்துக்கொள்ளவில்லை. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. பொதுக் குழாயில் நாங்கள் எல்லோரும் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போவோம், குடம்தான் நம் இடம். எங்கள் குடம் மட்டும் திரும்பி வரும்போதெல்லாம் வரிசைக்கு வெளியே கிடக்கும். யார் தள்ளினார்கள் என்று தெரியாது. கேட்டால் எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள்.

இந்த நேரத்தில்தான் தில்லியிலிருந்து கடிதம் வந்தது. பின்லாந்து நாட்டுப் பார்லிமெண்ட் உறுப்பினர், இடதுசாரிப் பெண்மணி, ஹெல்மி என்று பெயர். ஏதோ மாநாட்டுக்கு வந்தவர், ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் ஒரு நாள். தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம், தோல் தொழிலாளர்களைப் பார்க்க வேண்டுமாம்!

ஐயோ, அந்தப் பரபரப்பை எப்படிச் சொல்ல? பார்லிமெண்ட் உறுப்பினர் எங்கள் சந்துக்கு வருவதா! கார்ப்பரேஷன் உறுப்பினரே சாக்கடையைத் தாண்டி வந்ததில்லை. அண்ணாச்சி ஒரு பள்ளிக்கூட அட்லஸ் வாங்கி வந்து பின்லாந்தைத் தேடினார். நாங்கள் ஏழு பேர் சுற்றி நின்று பார்த்தோம். "ரஷ்யாவுக்குப் பக்கத்து வீடுல்லா!" என்று ஒருவர் கத்தினார். செம்பூரில் ஒரு இன்ஜினியர் தன் பியட் காரைத் தருகிறேன் என்றார். மாட்டுங்கா மார்க்கெட்டில் ரோஜா மாலைக்குச் சொல்லியாயிற்று.

கடிதத்தோடு அந்த அம்மாவின் படம் ஒன்று, வாழ்க்கைக் குறிப்பு ஒரே ஒரு தாள். பதினான்கு வயதில் தோல் தொழிற்சாலையில் சேர்ந்தார். ஒரு வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டார். சங்கச் செயலாளர் ஆனார். இரண்டு முறை பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாலே வரி, மளிகைச் சிட்டை அளவு. இதை வைத்துக்கொண்டு எப்படி நோட்டீஸ் போடுவது? நம் ஊரில் வார்டு தலைவருக்கே மூன்று பட்டம் கொடுக்கிறோம்.

விட்டேன் பாருங்கள். ‘பனிமலை ஈன்ற புரட்சிக் கனல்! பின்லாந்தின் பெண் சிங்கம்! பணியாத தலை, குனியாத முதுகு!’ கலந்துகொண்ட வேலைநிறுத்தம் என்று ஒரு வரி இருந்ததே, அதற்கு: ‘பசி வந்தபோதும் பட்டறைக்குள் ஒருநாளும் காலெடுத்து வைக்காத உருக்கு மங்கை!’ இந்த வரியை எழுதும்போது யாரை நினைத்து எழுதினேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அண்ணாச்சி படித்துவிட்டு, "இதெல்லாம் தாள்ல இருக்கா?" என்றார். "இருக்கும் அண்ணாச்சி, சுருக்கிப் போட்டிருப்பாங்க" என்றேன். அச்சாகித் தாராவிச் சுவரெல்லாம் ஒட்டியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பியட் காரில் நானும் அண்ணாச்சியும் போய் அழைத்து வந்தோம். சிங்கத்தை எதிர்பார்த்துப் போன எனக்கு ஏமாற்றம். ஐம்பது வயது, குள்ளமான அம்மாள். தட்டையான செருப்பு, பழுப்புக் கைப்பை. இங்கிலீஷை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் சயான் சிக்னலே மாறிவிடும்.

பார்லிமெண்டில் முதன்முதல் எதைப் பற்றிப் பேசினீர்கள் என்று கேட்டேன்.

"கையுறையைப் பற்றி" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தொழிற்சாலையில் கையுறை கொடுத்தார்கள். எல்லாம் ஆண்களின் அளவு. பெண்களுக்குப் பெரிது. உள்ளே சுண்ணாம்புத் தண்ணீர் போய்விடும். சின்ன அளவும் வேண்டும் என்று பேசினேன். எல்லா உறுப்பினர்களும் சிரித்தார்கள்." கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டார். "அடுத்த வருஷமும் அதையே பேசினேன். அப்போது கொஞ்சம் குறைவாகச் சிரித்தார்கள்."

சுவரில் நோட்டீசில் தன் படத்தைப் பார்த்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வரவேற்பு என்று சொல்லி மழுப்பினேன்.

மைதானத்தில் அப்படி ஒரு கூட்டம். பெண்கள் ஒரு பக்கம், பட்டறை ஆட்கள் ஒரு பக்கம், பக்கத்து சால் குடியிருப்புகளின் மாடிப் படியெல்லாம் தலைகள். ஓரமாகப் போகிற பெரிய தண்ணீர்க் குழாய் மேல் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி ஆளில்லை. மைதீன் மாமா முதல் வரிசை.

ஹெல்மி அம்மா பேச ஆரம்பித்தார். நான் பக்கத்தில். பாதி நேரம் வழக்கம்போலத்தான் செய்தேன். அவர் "எங்கள் ஊரில் குளிர் அதிகம்" என்றால் நான் "எலும்பை உருக்கும் பனியிலும் எங்கள் நெஞ்சம் உறையவில்லை தோழர்களே" என்றேன். கைதட்டல் பறந்தது. அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். குளிருக்கு ஏன் இப்படிக் கைதட்டுகிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை.

அப்புறம் சொன்னார்: "எங்கள் வேலைநிறுத்தத்தின் ஒன்பதாம் நாள் நான் உள்ளே வேலைக்குப் போனேன். நான் கருங்காலி."

அண்ணாச்சிக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியும். பின்னாலிருந்து, "அதை விடு. தாண்டிப் போ" என்றார், உதடு அசையாமல்.

தாண்டியிருக்கலாம். எத்தனையோ முறை தாண்டியிருக்கிறேன். என் கண் தண்ணீர்க் குழாய்க்குப் போனது. அப்பா செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்நிய நாட்டு அம்மாவுக்கு மரியாதையாக உட்கார்ந்திருந்தார்.

அவர் ‘நான்’ என்றால் நீயும் ‘நான்’. சட்டம் போட்டவர் அண்ணாச்சிதானே!

"ஒன்பதாம் நாள் நான் உள்ளே வேலைக்குப் போனேன்" என்றேன் மைக்கில். "நான் கருங்காலி."

அந்த அம்மா சொல்லச் சொல்ல, நான் ஒரு சொல்லைக்கூடத் தொடாமல் சொன்னேன். "எங்கள் ஊரில் தொழிலாளர் பெண்கள் எல்லோரும் சனிக்கிழமை ஒரே அறையில் வெந்நீரில் குளிப்போம். நான் உள்ளே போனேன். எல்லோரும் வாளியை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்கள். ஒரே ஒரு கிழவி மட்டும் போகவில்லை. என் முதுகுக்குத் தண்ணீர் ஊற்றினாள். திங்கட்கிழமை காலை கேட்டில் எங்களோடு நில் என்றாள். நின்றேன். அந்தக் கிழவியும் எழுந்து போயிருந்தால், நான் இன்றைக்கும் உள்ளே போகிறவளாகத்தான் இருந்திருப்பேன்."

பெண்கள் பக்கம் ஒரு அசைவு. குடத்தை நகர்த்துகிறவர்களுக்கு வாளி புரியாதா?

அப்போது மைதீன் மாமா எழுந்தார். நல்ல மனுஷர். ஆனால் பதினோரு வருஷ ஜோடி முதுகு காட்டிப் போனது அவருக்கு ஆறவே இல்லை.

"ஏளா கோமதி! இதெல்லாம் அந்தம்மா சொல்லுதாவளா, இல்ல உங்கப்பனுக்காவ நீயா சேக்கியா?"

கூட்டத்தில் சலசலப்பு. "அதான, அவ சேக்கிறவதான" என்று ஒரு குரல். மாமா கையில் என் நோட்டீஸ். "இதுல ஒருநாளும் உள்ள காலு வைக்காதவோன்னு போட்டிருக்கு. இப்ப உள்ள போனேங்கா. எது நெசம்? ரெண்டும் ஓங் கைவேலதான?"

முதன்முறையாக நான் சேர்க்காமல் பேசினேன், ஒருவரும் நம்பவில்லை. புலி வருது கதை என் தலையிலேயே நடந்துவிட்டது. குழாய் மேல் அப்பா எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாரானார். மகள் தனக்காகப் பொய் சொல்லி மாட்டிக்கொண்டாள் என்றே அவரும் நினைத்திருக்கிறார்.

அந்த ஆள் ஏன் கோபமாக இருக்கிறார் என்று ஹெல்மி அம்மா கேட்டார். மேடையிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். நோட்டீஸை வரி வரியாக இங்கிலீஷில் சொன்னேன். பலகையைச் சொன்னேன். அப்பா பெயரை நானே எழுதியதையும் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன், மூக்கைத் துடைக்கக்கூட நேரமில்லை. சிங்கம் என்று போட்டதற்குத் திட்டுவார் என்று நினைத்தேன்.

அவர் மேடையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, "அந்தப் பலகை எங்கே?" என்றார்.

ஆபீஸ் நாலு வீடு தள்ளி. இரண்டு பேர் ஓடிப் போய்த் தூக்கி வந்தார்கள். மேடையில் அண்ணாச்சிக்குப் போட்டிருந்த காலி நாற்காலி மேல் சாத்தினார்கள். மேலே தலைப்பு, கீழே இசக்கி, அதற்குக் கீழே வேலு. ஹெல்மி அம்மா கையை நீட்டினார். என் இடுப்பில் செருகியிருந்த சாக்பீஸைக் கொடுத்தேன். அவர் குனிந்து, வேலுவின் பெயருக்குக் கீழே ஐந்து இங்கிலீஷ் எழுத்துகளை நிதானமாக எழுதினார். ஹெல்மி. எழுதிவிட்டு மைதீன் மாமாவைப் பார்த்து, சாக்பீஸால் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்தப் பலகையில் ஒரு பெயர் ஏறினால் என்ன அர்த்தம் என்று தெரியும். சங்கம் தொடங்கிய நாள் முதல் தன் பெயரைத் தானே அதில் எழுதியவர் யாரும் இல்லை!

மைதீன் மாமா நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். திரும்பிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு தண்ணீர்க் குழாயைப் பார்த்து நடந்தார். அப்பா கீழே இறங்கி நின்றிருந்தார்.

"மச்சான், நாளைக்குக் காலையில கேட்டுக்கு வாரியா?"

"வாரேன்."

"புள்ளைக்குக் காய்ச்சல்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லாடே."

"சொல்லியிருக்கலாம்" என்றார் அப்பா. அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேசத் தெரியாது. வேலுவும் எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டார்.

போராட்டம் என்ன ஆனது என்று போன மாதம் வீட்டுக்கு வந்த அந்தப் பெண்கள் கேட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். இன்னும் ஒன்பது நாள் நின்றோம். உள்ளே ஒருவரும் போகவில்லை. குழாய் வந்தது, பூட்ஸ் வந்தது, கையுறையும் வந்தது. கையுறை எல்லாம் ஒரே அளவு, பெரிது. தோலிலிருந்து மயிர் பிரிக்கிற பெண்களின் கையில் நிற்கவில்லை. சின்ன அளவுக்காக மறுபடி மனு எழுதியபோது, அண்ணாச்சி சொன்னதை அப்படியே அடித்தேன், ஒரு பட்டம் சேர்க்கவில்லை. அவர் படித்துவிட்டு, "உப்புச் சப்பில்லாம இருக்கே பிள்ளே" என்றார். "இருக்கட்டும் அண்ணாச்சி" என்றேன். இரண்டாவது மனுவுக்குச் சின்ன அளவு வந்தது.

எங்கள் குடம் அந்தத் திங்கட்கிழமை காலையிலேயே வரிசையில் நின்றது. யார் எடுத்து வைத்தார்கள் என்று கேட்காமல், இந்த முறை நான் வானத்தைப் பார்த்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த மைதானத்தில் கடைசியாக நடந்ததை. ஹெல்மி அம்மாவுக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது, கார் தயாராக நின்றது. மைதீன் மாமா அப்பாவைக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தார். செல்லையா அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பலகையைத் துடைக்கப் போனார். ஜனங்கள் கைதட்டினார்கள்.

"கொஞ்சம் இருங்க அண்ணாச்சி" என்றார் அப்பா.

ஐந்து நாளைக்குப் பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "ஏளா, இதுல எம் பேரு எது?"

விரல் வைத்துக் காட்டினேன்.

"கீழ கெடக்கது?"

"அது வேலு மாமா. அதுக்குங் கீழ அந்தம்மா பேரு."

வெந்த விரலால் மூன்று பெயர்களையும் தொடாமல் மேலிருந்து கீழாகக் காட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு அண்ணாச்சியிடம் சொன்னார்: "அழிக்காதிய. எங்க பேரை எடுத்துட்டா அந்தம்மா ஒத்தையிலல்லா நிப்பாவ."

என்ன சொல்கிறார் என்று ஹெல்மி அம்மா என்னைக் கேட்டார். நான் அப்பாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். "எங்கள் பெயரை எடுத்துவிட்டால் நீங்கள் தனியாக நிற்பீர்கள்" என்று, ஒரு சொல்லும் சேர்க்காமல், இங்கிலீஷில் சொன்னேன்.